ஆள் அதிகம் போகாத சாலைக்கு எதற்குச் செலவு? தோட்டச் சாலை, கம்பத்துச் சாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு சாலைக் குத்தகையாளர் அலுவலகத்தில் மதிப்பீடு போடும் வேலை. எத்தனை லோரி சரளை வேண்டும், எத்தனை குழாய் வேண்டும், ரோலர் எத்தனை நாள் ஓட வேண்டும் என்று எண்ணிச் சொல்வதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. கோயில் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும், நான் செய்யும் வேலை தெரிந்ததும் யாராவது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தோட்டச் சாலை, கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்துச் சாலை பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு அம்பது, அறுபது வண்டிதான் போகிறது. அந்தச் சாலைக்கு ஏன் பணம் கொட்ட வேண்டும்?

முதலில் அந்த அறுபதை எண்ணியது யார், எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். பல நாடுகளில் கிராமத்துச் சாலையில் கணக்கெடுக்கும்போது நாலு சக்கர வண்டிக்குத்தான் மதிப்பு. மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடந்து போகிற ஆள் எல்லாம் தனிப் பத்தியில் ஓரமாகக் கிடக்கும், இல்லையென்றால் கணக்கிலேயே வராது. எங்கள் தோட்டத்துச் சாலையில் காலை ஆறரைக்கு நின்று பார்த்தால் காடி இரண்டோ மூன்றோ போகும், மோட்டார் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு சிலிப்பரோடு சேற்றில் நடப்பார்கள். தார்ச்சாலை வந்ததும் கால் கழுவிச் சப்பாத்து மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பிளாஸ்டிக் பை எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை.

சரி, அறுபது வண்டி என்றே வைத்துக்கொள்வோம், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலை 8 கிலோமீட்டர். குண்டும் குழியுமாக இருப்பதால் டயர், ஸ்பிரிங், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 30 சென் கூடுதலாக ஆகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது விளக்குவதற்காக நான் வைத்துக்கொள்ளும் தொகைதான், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 144 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வருஷத்துக்கு 52,560 வெள்ளி. நம் நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் இரண்டு பேரை வருஷம் முழுக்க அந்தச் சாலைக்கென்றே வைத்தால் 40,800 வெள்ளிதான். அதாவது அந்த ஊர்க்காரர்கள் இப்போதே சாலைப் பராமரிப்புக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் அது சாலைக்குப் போகாமல் மெக்கானிக் கடைக்குப் போகிறது. அரசாங்கக் கணக்கில் அந்தச் செலவு வராது என்பதால் அது மிச்சம் பிடித்ததுபோலத் தெரிகிறது.

அப்படியானால் ஒரேயடியாகத் தார் போட்டுவிட வேண்டியதுதானே?

எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் இது சரியான விடை இல்லை. ஒரு நாளைக்கு 200, 300 வண்டி ஓடினால்தான் செம்மண் சாலையைத் தார்ச்சாலையாக மாற்றுவது கட்டுப்படியாகும் என்பது பழைய கணக்கு. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகள் சேர்ந்து 2003-இல் கொண்டுவந்த வழிகாட்டி அந்த அளவை நன்றாகக் கீழே இறக்கியது: மண்ணையும் வடிகாலையும் சரியாகப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் கல்லைப் பயன்படுத்தினால் நூறு வண்டிக்குக் கீழே உள்ள சாலைக்கும் மெல்லிய தார்ப் பூச்சு கட்டுப்படியாகும் என்றது. நார்வேயில் 1960-களில் கண்டுபிடித்த ஓட்டா சீல் என்று ஒரு முறை இருக்கிறது. அளவு பிரித்து எடுத்த விலை உயர்ந்த ஜல்லி அதற்கு வேண்டாம், கலந்து கிடைக்கிற சரளையே போதும், அதை இளகிய தாரின் மேல் பரப்பி நன்றாக உருட்டுவார்கள். போட்ஸ்வானாவில் இதை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, அடியில் தண்ணீர் நிற்கிற சாலைக்கு மேலே மெல்லிசாகத் தார் பூசுவது ஈரச் சுவருக்கு வர்ணம் அடிப்பதுபோல. ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அப்புறம் உடைந்த தார்ச்சாலை, செம்மண் சாலையைவிட மோசம். செம்மண்ணைக் கிரேடர் விட்டுச் சமப்படுத்தலாம், உடைந்த தாரை அப்படிச் செய்ய முடியாது, பெயர்த்து எடுக்க வேண்டும்.

செம்மண் சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறது?

தண்ணீர்தான். வண்டியைவிட முதல் எதிரி தண்ணீர். நம் பக்கம் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சாலையின் நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். ஐந்து மீட்டர் அகலச் சாலைக்கு, ஓரத்தைவிட நடு 10 முதல் 15 சென்டிமீட்டர்வரை உயரமாக இருந்தால் மழை விழுந்ததும் ஓரக் கால்வாய்க்கு ஓடிவிடும். அந்த மேடு தேய்ந்து தட்டையானால் தண்ணீர் சக்கரத் தடத்தில் தேங்கும், தேங்கின இடம் இளகும், இளகின இடத்தில் அடுத்த சக்கரம் குழி பறிக்கும்.

சரளை கரைவதையும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. மழை அதிகமுள்ள இடத்தில் நூறு வண்டி ஓடும் செம்மண் சாலை, வருஷத்துக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் சரளையை இழக்கும். வெயிலில் தூசியாகப் பறக்கும், மழையில் கால்வாய்க்கு இறங்கும். இரண்டரை சென்டிமீட்டர் என்று எடுத்தால் ஐந்து மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 125 கன மீட்டர், ஐந்து கன மீட்டர் ஏற்றும் லோரியில் 25 நடை. ஒவ்வொரு வருஷமும் 25 லோரி சரளை, ஒவ்வொரு கிலோமீட்டரிலிருந்தும் காணாமல் போகிறது. பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்ட சரளை ஆறு வருஷத்தில் தீர்ந்து அடிமண் வெளியே வந்துவிடும். திறப்பு விழா நடத்தி ஆறே வருஷத்தில் சாலை எப்படிப் போனது என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்க்கவில்லை.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பழைய தோட்டத்துக்குப் போகும் வழியில், சாலைக்குக் குறுக்கே ஒரு மதகுக் குழாய் இருக்கிறது, முக்கால் மீட்டர் விட்டம் இருக்கும். அதன் வாயில் செம்பனை மட்டை ஒன்று குறுக்காகச் சிக்கி, அதில் இலை, பை, போத்தல் எல்லாம் வந்து அடைத்து, ஒரு வாரமாகத் தண்ணீர் சாலையோரத்தில் நின்றது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனபோது பார்த்தேன், இறங்கி எடுத்திருக்கலாம், நல்ல சட்டை போட்டிருந்ததால் விட்டுவிட்டேன். புதன்கிழமை இரவு மழையில் தண்ணீர் சாலைக்கு மேல் ஏறி, அந்தப் பக்கத்து ஓரத்தை அரித்து, குழாயின் அடியைத் தோண்டி, விடியும்போது குழாய் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பன்னிரண்டு மீட்டர் சாலை இல்லை. பிறகு அதைச் சரிசெய்ய எக்ஸ்கவேட்டர், புதுக் குழாய், முப்பது லோரி மண், ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவரை இரண்டு பேர் தூக்கிக் கடந்து அந்தப் பக்கம் நின்ற வண்டியில் ஏற்றினார்கள். ஒரு மண்வெட்டியும் அரை மணி நேரமும் இருந்தால் முடிந்திருக்கும் வேலை. சாலைப் பராமரிப்பு என்று நான் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த அரை மணி நேரம்தான்.

கெட்டுப்போகும்வரை விட்டுவிட்டு மொத்தமாகப் புதுசாகப் போட்டால் மலிவுதானே?

இல்லை. உலக வங்கியின் 1994-ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை ஆப்பிரிக்காவை வைத்து இதைச் சொன்னது: அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் 12 பில்லியன் டாலரை நேரத்துக்குப் பராமரிப்பில் போட்டிருந்தால், 45 பில்லியன் டாலர் மறுகட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம். ஏறக்குறைய ஒன்றுக்கு நாலு. மக்கள் நாசமான சாலையில் ஓட்டிய வருஷங்களின் செலவைத் தனியாகத்தான் கூட்ட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

மூன்று காரணம் எனக்குத் தெரிந்து. புதுச் சாலை மேம்பாட்டுச் செலவில் வருகிறது, அதற்குக் கடன் கிடைக்கும், வெளிநாட்டு நிதி கிடைக்கும். கால்வாய் தூர்வாருவது நடப்புச் செலவு, அதற்கு யாரும் கடன் தரமாட்டார்கள், பணம் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டுவதும் அதைத்தான். அதை வெட்டினால் அந்த வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியாது, மூன்றாம் வருஷம்தான் தெரியும். அதற்குள் அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார்.

இரண்டாவது, நன்றாகப் பராமரித்த சாலையில் படம் எடுக்க ஒன்றுமே இருக்காது. எது நடக்கவில்லையோ அதுதான் வேலையின் பலன்.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப உறுத்துவது. அந்தச் சாலை யாருடைய ஏட்டிலும் இல்லை. பேரேட்டில் பெயர் இல்லாத சாலைக்குப் பணம் வராது, எவ்வளவு பேர் நடந்தாலும் வராது.

நம் நாட்டில் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வருகிறது?

கூட்டரசு சாலை கூட்டரசின் செலவு. மாநிலச் சாலைகளுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 109-ஆவது விதியும் பத்தாவது அட்டவணையும் சாலை மானியம் என்று ஒன்றை வைத்திருக்கின்றன. ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் செலவை எடுத்து, மாநிலத்தில் தகுதியுள்ள சாலை எத்தனை மைலோ அதனால் பெருக்கிக் கொடுப்பது அதன் அடிப்படை. சுதந்திரம் வாங்கியபோதே பராமரிப்புக்கென்று அரசியலமைப்பில் இடம் வைத்த நாடு நம்முடையது, இதற்காக நான் உண்மையிலேயே பெருமைப்படுகிறேன். பல நாடுகளுக்கு இந்த வசதி கிடையாது. இப்போது அந்தத் தகுதியைத் தீர்மானிப்பது மாரிஸ் என்கிற சாலைப் பதிவேடு. கம்பத்துச் சாலையும் அதில் பதிவாகலாம். பதிவானால் வருஷா வருஷம் பணம், இல்லையென்றால் இல்லை.

இங்கேதான் நம் ஆட்களுக்குச் சிக்கல். தோட்டத்துக்குள் ஓடும் சாலை தனியார் நிலம். அது தோட்டத்தின் சொத்து, பொதுச்சாலை இல்லை. அதன் கடைசியில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கலாம், கோயில் இருக்கலாம், நாற்பது குடும்பம் இருக்கலாம். எப்போதாவது ஒதுக்கீடு என்று வந்து ஒரு முறை தார் போடுவார்கள், ஒரு முறை போட்டதோடு சரி. ஐந்தாறு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு ஒதுக்கீட்டுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டு நிற்போம். ஒதுக்கீடு ஒரு தடவை வருகிற மழை, பதிவு என்பது கிணறு.

ஆனால் தோட்ட நிர்வாகம் தன் சாலையை நன்றாகத்தானே வைத்திருக்கிறது?

வைத்திருக்கும், அது சரியான காரணத்துக்காகத்தான். செம்பனைக் குலையை வெட்டி ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு போனால்தான் எண்ணெய் தரமாக இருக்கும். தாமதமானாலும், வழியில் குலுங்கி அடிபட்டாலும் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை குறையும். ஒரு ஹெக்டரில் வருஷத்துக்கு 18 டன் குலை என்று வைத்தால், 2,000 ஹெக்டர் தோட்டத்திலிருந்து 36,000 டன், பத்து டன் லோரியில் 3,600 நடை, நாளுக்குப் பத்து லோரி. பத்து லோரிதான், ஆனால் அந்தப் பத்துக்காக ஒரு கிரேடரையும் கால்வாய் சுத்தம் செய்ய ஒரு கூட்டத்தையும் தோட்டம் வைத்துக்கொள்ளும். வண்டி குறைவாக ஓடும் சாலையைப் பராமரிப்பது வீண் என்று யாராவது சொன்னால் நான் இந்த உதாரணத்தைத்தான் காட்டுவேன், ஏனென்றால் லாபக் கணக்குப் பார்க்கிறவனே அதைச் செய்கிறான்.

பிரச்சினை எப்போது வருகிறது என்றால், ஆலைக்குப் போகாத சாலையில். லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) பள்ளிக்கும் போகும் கிளைச்சாலையில் குலை போவதில்லை, பிள்ளைகள்தான் போகிறார்கள். அப்புறம் தோட்டம் கைமாறும்போது, துண்டாடப்படும்போது, அந்தக் கால்வாய்க் கூட்டம் முதலில் போய்விடும்.

சாலையைக் கெடுப்பது லோரி. அவர்களே பணம் கட்டட்டும் என்றால்?

நியாயம்தான். அமெரிக்காவில் 1958-லிருந்து 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் வண்டிகளை ஓட்டி ஓட்டிச் சோதித்ததில், சாலைக்கு ஏற்படும் சேதம், ஒரு சக்கர அச்சின் மேல் வரும் பளுவின் நான்காம் அடுக்குக்குக் கிட்டத்தட்ட வரும் என்று கண்டார்கள். பளு இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. இது தார், கான்கிரீட் சாலைக்குச் செய்த சோதனை, செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காடியையும் மோட்டாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

கென்யாவில் 1993-இலிருந்து எரிபொருளில் சாலைப் பராமரிப்புக்கென்றே ஒரு வரி பிடித்துத் தனி நிதியாக வைக்கிறார்கள். ஓட்டுகிறவன் ஓட்டின அளவுக்குக் கட்டுவான், வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டும்போது அது தப்பிக்கும். குறை என்னவென்றால் கிராமத்துச் சாலையில் எரியும் எண்ணெய் குறைவு, அதனால் அந்தச் சாலை தன் செலவைத் தானே சம்பாதிக்க முடியாது, நெடுஞ்சாலையில் வசூலானதிலிருந்து கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பட்டணத்துச் சந்தைக்கு வரும் காய்கறி நெடுஞ்சாலையில் முளைக்கவில்லை.

பணமே வேண்டாத ஒரு வழியும் இருக்கிறது: கனத்த மழை நின்று சில மணி நேரம்வரை செம்மண் சாலையில் லோரியை விடாதீர்கள். ஒரு சங்கிலி கட்டினால் போதும். ஈரச் சாலையில் ஒரு லோரி செய்யும் சேதத்தைக் காய்ந்த சாலையில் ஒரு வாரம் ஓடினாலும் செய்யாது, இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மற்ற நாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது பெரு நாட்டு முறை. 1995-இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையோரக் கிராமத்தவர்களே பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து சிறு நிறுவனம் அமைத்தார்கள். கையில் மண்வெட்டி, தள்ளுவண்டி, அரிவாள். எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று பார்த்துச் சம்பளம் இல்லை, குழி இருக்கக் கூடாது, கால்வாய் அடைக்கக் கூடாது, புல் மறைக்கக் கூடாது, இப்படி இருந்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு. மட்டை விழுந்த அன்றே எடுத்தால் அவர்களுக்குத்தான் வேலை குறையும். கென்யாவில் 1970-களில் ஆள் பலத்தை வைத்துப் போட்ட கிராமச் சாலைகளில், வீட்டுக்கு முன்னால் உள்ள ஓரிரு கிலோமீட்டரை ஒரே ஆளின் பொறுப்பில் பகுதிநேரமாக விட்டார்கள்.

இந்தியாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சாலை போட்ட குத்தகையாளரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. குத்தகைத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், இது நல்ல விதி. ஐந்து வருஷம் நான்தான் பார்க்க வேண்டும் என்றால் இன்றைக்கு ரோலரை நாலு தடவை கூட ஓட்டுவேன். ஆறாம் வருஷம் மாநிலத்தின் கையில், அங்கேதான் மறுபடியும் பழைய கதை.

நேபாளத்து மலையில் புல்டோசரை விட்டு அவசரமாக வெட்டின சாலைகள் எதிர் உதாரணம். வடிகால் இல்லாமல் சரிவை அறுத்ததால் மழைக்காலத்தில் மலையே சரிந்து வயலில் விழுகிறது. அப்படிப்பட்ட சாலையைப் பராமரிக்க எந்தப் பணமும் போதாது.

சாலை வந்தால் ஏழ்மை போய்விடுமா?

அவ்வளவு சுலபமில்லை. இந்தியத் திட்டத்தைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஆய்வு, சாலை வந்து நாலு வருஷத்தில் ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போவதுதான் பெரிய மாற்றம், வருமானத்திலும் சொத்திலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றது. அதே திட்டத்தை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் நடுநிலைப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் 7 விழுக்காடு அளவுக்குக் கூடியிருந்தார்கள். எனக்கு அந்த ஏழு போதும்.

எல்லாச் சாலையையும் காப்பாற்ற முடியுமா?

முடியாது, முடியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆள் இல்லாத லயத்துக்கு இரண்டு சாலை வேண்டாம். ஒரு ஊருக்கு மழையிலும் போகக்கூடிய ஒரு வழியாவது இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சி இலக்குகளிலும் அதைத்தான் அளக்கிறார்கள்: எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் கிராமத்து மக்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. எட்டுக் கிலோமீட்டரையும் அரைகுறையாகச் செய்வதற்குப் பதில் தண்ணீர் ஏறும் நாலு இடத்தையும் வழுக்கும் ஒரு மேட்டையும் மட்டும் கான்கிரீட்டில் நன்றாகச் செய்தால் சாலை வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். சில இடத்துக்கு மோட்டார் போகும் அகலமே போதும்.

எங்கள் சாலைக்கு நாங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாவட்ட நில அலுவலகத்தில். சாலை ஓடும் துண்டு அரசாங்க ரிசர்வா (சாலைக்கென்று ஒதுக்கின நிலமா), தனியார் பட்டாவா என்று முதலில் பாருங்கள். பட்டா என்றால், தோட்டம் அந்தத் துண்டைச் சாலை ரிசர்வாக விட்டுக்கொடுக்குமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தோட்டம் விற்கப்படுவதற்கு முன்னால் கேளுங்கள், விற்ற பிறகு யாரிடம் கேட்பது என்பதே ஒரு வருஷ வேலை. ரிசர்வ் என்றால் ஊராட்சி மன்றத்திலும் மாவட்டப் பொதுப்பணித் துறையிலும் மாரிஸில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பதியச் சொல்லிக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வாங்குங்கள். கூடவே படம் வையுங்கள். எல்லோரும் காய்ந்த நாளில் குழியைப் படம் எடுக்கிறார்கள். மழை பெய்யும்போது போங்கள், தண்ணீர் எங்கே சாலையைக் கடக்கிறது, எந்த மதகு வாய் அடைத்திருக்கிறது என்று எடுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி முழங்கால் அளவு தெரியும்படி எடுங்கள். மதிப்பீடு போடுகிறவனுக்கு வேண்டியது அந்தப் படம்தான். எடுத்து முடித்ததும், வாயில் மட்டை ஏதும் சிக்கியிருந்தால் இழுத்து வெளியே போட்டுவிட்டு வாருங்கள்.